தோட்டமே குடும்பப் பெயர்: பழைய பதிவேடுகளில் பூட்டனைத் தேடுவது எப்படி?

1930களில் மலாயாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பால்மரம் (ரப்பர்) வெட்டிய ராமசாமிகளுக்குக் கணக்கே கிடையாது. முனியாண்டி, மாரியாயி, லெட்சுமி எல்லாரும் அப்படித்தான். தாத்தாவின் பெயரை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு பதிவிலாகாவுக்குப் போகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புவதற்கு இதுதான் முதல் காரணம். சீனருக்குக் குலப்பெயர் உண்டு, வெள்ளைக்காரருக்குக் குடும்பப் பெயர் உண்டு. நமக்கு அப்பா பெயர்தான் உண்டு, அதுவும் ஒவ்வொரு தலைமுறையிலும் மாறிவிடும். பதிவேடுகளில் நம்மவர்களைப் பிரித்துக் காட்டும் நிலையான அடையாளம் அவர்கள் இருந்த தோட்டம். தேடுகிறவருக்கு அதுவே குடும்பப் பெயர். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, அப்பா அம்மா யார் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு ராமசாமி நம் ராமசாமி ஆவார்.

இன்னொரு சிக்கலும் நம் வழக்கத்திலேயே இருக்கிறது. ‘பேரன்’ என்ற சொல்லே ‘பெயரன்’ என்பதிலிருந்து வந்தது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வீடுகளில் முனியாண்டி மகன் ராமசாமி, ராமசாமி மகன் முனியாண்டி, மறுபடியும் முனியாண்டி மகன் ராமசாமி என்று இரண்டே பெயர்கள் மாறி மாறி ஏறிக்கொண்டு போகும். ‘ராமசாமி, தகப்பன் முனியாண்டி’ என்ற வரியைக் கண்டதும் மகிழ்ந்துபோகிறவர் இரண்டு தலைமுறையைத் தாண்டிக் குதித்திருக்கலாம், அடுத்த லயத்துக் (தொழிலாளர் வரிசை வீட்டுக்) குடும்பத்துக்குள்ளேயே நுழைந்திருக்கலாம். எனவே தேடல் எப்போதும் நம்மிடமிருந்து தொடங்கிப் பின்னோக்கி, ஒரு நேரத்தில் ஒரு தலைமுறையாகத்தான் போக வேண்டும். மகன் பெயரும் தகப்பன் பெயரும் சேர்ந்து இருக்கும் ஒரு பத்திரம் கிடைத்த பிறகே அடுத்த படி. தாயின் பெயரும் பொருந்தினால் சந்தேகம் பெரும்பாலும் தீரும். அப்பா பெயர் ஒன்றாக இருக்கும் இருவர் ஒரே தோட்டத்தில் இருப்பது சாதாரணம்; அம்மா பெயரும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

முதலில் டிரங்குப் பெட்டி

அரசாங்க அலுவலகத்துக்குப் போகும் முன் வீட்டிலும் பெரியப்பா, அத்தை வீடுகளிலும் உள்ள பழைய பெட்டிகளைத் திறந்து பாருங்கள். பிறப்புப் பத்திரமும் ஐ.சி. என்ற அடையாள அட்டையும் எல்லாருக்கும் தெரிந்தவை. குப்பை என்று ஒதுக்கப்படும் மற்றத் தாள்கள்தான் பல நேரம் அதிகம் சொல்கின்றன. ஊழியர் சேமநிதி 1951இல் தொடங்கியது. அதன் பழைய கணக்குத் தாளில் எந்தத் தோட்டம் பணம் கட்டியது என்று இருக்கும். தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கத்தின் உறுப்பினர் புத்தகம், துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரம் ஆகியவையும் அப்படியே. பழைய இந்தியப் பாஸ்போர்ட் ஒன்று அகப்பட்டால் அது பெரிய புதையல், ஏனெனில் ‘பிறந்த இடம்’ என்ற கட்டம் அதில் உண்டு. ஊரிலிருந்து வந்த நீல நிற வான் அஞ்சல் கடிதத்தின் உட்பக்கம் நலம் விசாரிப்பதாக மட்டும் இருக்கலாம். ஆனால் வெளிப்பக்கத்தில் அனுப்பியவரின் கிராமமும் அஞ்சலகமும் மாவட்டமும் இருக்கும். புகைப்படங்களைச் சட்டத்திலிருந்து மெல்லக் கழற்றிப் பின்புறத்தையும் பாருங்கள்.

ஜாதக நோட்டை எறிந்துவிடாதீர்கள். ஐ.சி.யில் உள்ள பிறந்த தேதியைவிட அது துல்லியமாக இருப்பதுண்டு. அதில் இருக்கும் தமிழ் ஆண்டை மாற்றத் தெரிந்திருந்தால் போதும். அறுபது ஆண்டுச் சுற்றில் பிரபவ 1927 ஏப்ரலில் தொடங்கியது. அங்கிருந்து எண்ணினால் ஆங்கீரச 1932, தாது 1936, சித்திரபானு 1942. ‘ஆங்கீரச வருஷம் ஆவணி’ என்றால் 1932 ஆகஸ்ட், செப்டம்பர். ‘ஆங்கீரச வருஷம் தை’ என்றால் 1933 ஜனவரி, பிப்ரவரி. தை முதல் பங்குனி வரை ஆங்கில ஆண்டு ஒன்று கூடிவிடும் என்பதை மறந்து தவறான ஆண்டின் பதிவேட்டில் தேடியவர்கள் நிறைய. பூட்டன் பிறந்த ஆண்டென்றால் அறுபதைக் கழித்தும் பாருங்கள்: தாது 1876ஆகவும் இருக்கலாம். அது ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று ஊர்ப்பக்கம் இன்றும் சொல்லப்படும் பெரும் பஞ்சம் தொடங்கிய ஆண்டு.

பெரியவர்களிடம் கேட்க வேண்டியவை

எண்பது வயதுப் பாட்டியிடம் ‘தாத்தா எந்த வருஷம் வந்தார்?’ என்று கேட்டால் பதில் வராது. ‘எந்தக் கப்பலில் வந்தார், யார் கூட்டி வந்தார்?’ என்று கேளுங்கள். ராஜுலா கப்பல் 1926இல் கட்டப்பட்டு 1970களின் தொடக்கம் வரை நாகப்பட்டினம், பினாங்கு வழியில் ஓடியது; ஆகவே ராஜுலாவில் வந்தவர் 1926க்கு முன் வந்திருக்க முடியாது. அதன் ஜோடிக் கப்பலான ரோனா 1943இல் போரில் மூழ்கிவிட்டது. எம்.வி. சிதம்பரம் என்றால் அது 1970களின் தொடக்கத்துக்குப் பிந்தைய பயணம். பெரும்பாலும் ஊர் பார்க்கப் போய்வந்த கதை.

‘கங்காணி கூட்டி வந்தார்’ என்றால், அதாவது ஊரில் ஆள் திரட்டிய தோட்ட மேற்பார்வையாளரோடு வந்தவர் என்றால், அந்த ஆண்டு 1938 நடுப்பகுதிக்கு முன். அப்போதுதான் தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசாங்கம் தடுத்தது. சஞ்சிக்கூலியாக, அதாவது ஒப்பந்தம் எழுதி வந்தவர் என்றால் இன்னும் முன்னால் போக வேண்டும்: அந்த முறையில் ஆள் எடுப்பது 1910இல் நிறுத்தப்பட்டது. ஆவடி முகாமில் தங்கினோம், புலாவ் ஜெரெஜாக்கில் ‘கோரன்டைன்’ இருந்தோம் என்ற பேச்சு வந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது சென்னைப் பக்கமிருந்து கப்பலேறியதைக் காட்டும், அடுத்தது பினாங்கில் இறங்கியதை.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி கங்காணியின் பெயர். அவர் தன் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் சொந்தம், தெரிந்தவர் என்றுதான் ஆள் திரட்டினார். ஒரே கங்காணியோடு வந்தவர்களுக்கு ஊர் வட்டாரமும் பெரும்பாலும் ஒன்றாக இருக்கும். உங்கள் பூட்டனின் ஊர் தெரியாவிட்டாலும், அந்தக் கங்காணியின் பேரன் பேத்திகள் கோலகங்சாரிலோ ஈப்போவிலோ இருந்து தங்கள் பூர்வீகத்தைச் சொன்னால் பாதி வழி கடந்துவிட்டீர்கள். இந்தக் குறுக்கு வழியைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

குலதெய்வத்தின் பெயர், கோயில் இருக்கும் இடம், பங்காளிகள் யார், எந்த ஊரில் பெண் எடுத்தார்கள் என்பவற்றையும் ஒரே அமர்வில் கேட்டுவிடாமல் இரண்டு மூன்று நாள் விட்டுக் கேளுங்கள். இரண்டாவது முறை கேட்கும்போதுதான் ஊர்ப் பெயர்கள் நினைவுக்கு வரும். கைப்பேசியில் குரலைப் பதிவு செய்வது அவசியம். கிராமத்தின் பெயரை அவர் உச்சரிக்கும் விதமே பின்னால் தேவைப்படும்.

பத்திரத்தை வாசிப்பது

ஒரு பத்திரத்தில் உள்ள எல்லாத் தகவலும் ஒரே தரமானவை அல்ல. அந்தத் தகவலைச் சொன்னவர் யார், அவருக்கு அது நேரடியாகத் தெரியுமா என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் கேட்டுக்கொள்ள வேண்டும். பிறப்புப் பத்திரத்தில் தாயின் பெயரும் பிறந்த இடமும் நம்பகமானவை. அதே மனிதரின் மரணப் பத்திரத்தில் உள்ள வயதை நம்பாதீர்கள். அது பக்கத்து வீட்டுக்காரரோ தோட்டத்து டிரஸரோ (மருந்தக உதவியாளர்) குத்துமதிப்பாகச் சொன்னதாக இருக்கலாம். மரணப் பத்திரம் இறந்த தேதிக்கும் இறந்த இடத்துக்கும் சாட்சி, பிறப்புக்கு அல்ல.

பழைய பிறப்புப் பத்திரத்தில் இரண்டு தேதிகள் இருக்கும்: பிறந்த நாள், பதிந்த நாள். இரண்டுக்கும் இடைவெளி நீளமாக இருந்தால் பிறந்த நாளைச் சற்றுச் சந்தேகத்தோடு பாருங்கள். பதிந்த இடமாகக் காவல் நிலையம் இருந்தால் திகைக்க வேண்டாம். உள்நாட்டுப் பகுதிகளில் பிறப்பு இறப்பைப் போலீஸ் நிலையத்தில் பதிவதுதான் அக்கால வழக்கம். அந்த நிலையத்தின் பெயர், தோட்டம் எந்தப் பக்கம் இருந்தது என்பதற்கு ஒரு துப்பு. தகவல் சொன்னவர் என்ற கட்டத்தில் அறிமுகமில்லாத பெயர் இருந்தால் அவர் பெரும்பாலும் தோட்டத்து எழுத்தரான கிராணியாகவோ டிரஸராகவோ இருப்பார்; உறவினர் என்று எண்ணி அவரைத் தேடி அலையாதீர்கள்.

எழுத்து மாறுவது இன்னொரு தொல்லை. கிராணிகளில் மலையாளிகளும் யாழ்ப்பாணத்தவரும் அதிகம். தொழிலாளி சொன்னதை அவரவர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார்கள். முத்துவின் ‘மு’வுக்கு ஒருவர் எம், யூ போட்டார்; இன்னொருவர் எம்முக்குப் பிறகு இரண்டு ஓ போட்டார். குப்பன் கே-யிலும் தொடங்கும், சி-யிலும் தொடங்கும். அகர வரிசையில் இவை வெகு தூரத்தில் இருப்பவை. பதிவிலாகாவுக்குப் போகும் முன் ஒவ்வொரு பெயருக்கும் ஆறேழு எழுத்துமுறைகளை எழுதி வைத்துக்கொண்டு போங்கள். ஒரே மனிதர் பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதமாகவும் ஐ.சி.யில் வேறு விதமாகவும் இருப்பார். அதற்காக அவரை இரண்டு மனிதர்களாக்கிவிடக் கூடாது.

ஐ.சி. 1948இல், கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க மலாயாவில் பிரகடனமான அவசரகாலத்தோடு வந்தது. அப்போது பெரியவர்களாக இருந்தவர்கள் பலர் வயதை உத்தேசமாகத்தான் சொன்னார்கள். 1948 ஐ.சி.யில் உள்ள பிறந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் ஐந்து ஆண்டு வைத்துத் தேடுவது பாதுகாப்பு.

தேசியப் பதிவிலாகாவில்

பிறப்பு, இறப்புப் பதிவுகளின் நகலைத் தேசியப் பதிவிலாகாவில் கேட்கலாம். பதிவின் நகலுக்கான மலாய்ச் சொல்லான ‘சாபுத்தான்’ என்று சொன்னால் முகப்பில் இருப்பவர்களுக்குப் புரியும். நீங்கள் வாரிசு என்பதைக் காட்ட உங்கள் ஐ.சி., உங்கள் பிறப்புப் பத்திரம், அப்பாவுடையது, தாத்தாவுடையது என்று சங்கிலி அறுபடாமல் கொண்டு போக வேண்டும். நடுவில் ஒரு கண்ணி இல்லாவிட்டால் முதலில் அந்தக் கண்ணிக்கு விண்ணப்பியுங்கள். தாத்தாவின் பிறப்புப் பதிவு அகப்படவில்லை என்றால் அவருடைய தம்பி தங்கையின் பதிவைத் தேடுங்கள். அதே அப்பா, அதே அம்மா, அதே தோட்டம் அதிலும் இருக்கும். மூத்த பிள்ளை ஊரிலேயே பிறந்து, இளையது மட்டும் இங்கே பிறந்த குடும்பங்களில் இது ஒன்றுதான் வழி.

கல்யாணப் பத்திரத்தை எதிர்பார்த்து நாளைக் கழிக்காதீர்கள். திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதற்கு முன் தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டிய பலருக்குப் பத்திரமே இல்லை. அது குறையும் அன்று. கிறிஸ்துவக் குடும்பமாக இருந்தால் மாதா கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு கைகொடுக்கும். அதில் ஞானப் பெற்றோரின் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் பல நேரம் உறவினர்கள் அல்லது ஒரே ஊர்க்காரர்கள்.

தோட்டத்தைக் கண்டுபிடிப்பது

நம்மவர் வாயில் வழங்கும் தோட்டத்தின் பெயர் ஒன்று, பத்திரத்தில் உள்ள பெயர் வேறு. சாலையில் எத்தனையாவது மைலில் இருக்கிறதோ அதை வைத்து ‘நாலாங்கட்டை’, ‘ஏழாங்கட்டை’ என்பார்கள். பழைய துரையின் பெயரைச் சொல்வார்கள். ஒரே தோட்டத்துக்கு இரண்டு மூன்று டிவிஷன் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித் தமிழ்ப் பெயர் இருக்கும். ஆங்கிலப் பெயர் தெரியாமல் ஆவணக் காப்பகத்தில் ஒன்றும் செய்ய முடியாது. அதைத் தெரிந்துகொள்ள எளிய இடம் தமிழ்ப்பள்ளி. தோட்டமே அழிந்து வீடமைப்புப் பகுதியான பிறகும் பள்ளியின் பெயரில் தோட்டத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பள்ளி இடம் மாறியிருந்தாலும் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தலைமையாசிரியர் பத்திரமாக வைத்திருக்கக்கூடும். மாணவர் பெயர், பிறந்த தேதி, தகப்பன் பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள் என்று அதில் வரிசையாக இருக்கும். விலகிய நாளுக்கு எதிரே வேறு பள்ளியின் பெயர் இருந்தால் குடும்பம் எந்தத் தோட்டத்துக்கு மாறியது என்பதும் தெரிந்துவிடும். மரியாதையாகக் கடிதம் எழுதி, நேரம் கேட்டுப் போங்கள். பள்ளி விடுமுறைக்கு முந்தைய வாரம் போகாதீர்கள்.

மாரியம்மன் கோயில் சுவரில் ‘உபயம்’ என்று பெயர் வெட்டிய பளிங்குக் கற்கள் இருக்கின்றனவே, அவையும் பதிவேடுதான். ஆண்டு, பெயர், சில நேரம் வேலை: கங்காணி, தண்டல், கிராணி. கும்பாபிஷேகத்தின்போது பழைய கற்களைப் பெயர்த்துவிடுகிறார்கள். அடுத்த திருப்பணிக்கு முன் ஒரு படம் எடுத்து வைப்பது ஊருக்கே செய்யும் உதவி.

தோட்டத்தின் செக்ரோல்தான் எல்லாரும் ஆசைப்படும் பொருள். பெரட்டில், அதாவது காலை அணிவகுப்பில், பெயர் கூப்பிட்டு, அன்றன்று வேலை போட்டு, மாதக் கடைசியில் சம்பளம் கணக்கிட்ட புத்தகம் அது. பெண்களும் பால்மரம் வெட்டியதால் அவர்கள் பெயரும் தனி வரியில் இருக்கும். 1920களின் கடைசியில் நிர்ணயிக்கப்பட்ட கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்த வித்தியாசத்தைப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கும். ஆனால் பாட்டியின் சொந்தப் பெயர் அவள் உழைப்பின் பேரில் எழுதப்பட்ட ஒரே இடம் பல குடும்பங்களுக்கு அதுதான். துரதிர்ஷ்டவசமாகச் செக்ரோல்கள் பெரும்பாலும் பிழைக்கவில்லை. கறையான் தின்றது ஒரு பக்கம், தோட்டம் துண்டாடி விற்கப்பட்டபோது எரிக்கப்பட்டது ஒரு பக்கம். இருக்கிறதா என்று கேட்க வேண்டிய இடம், தோட்டத்தின் இப்போதைய உரிமையாளர். கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி மூன்றும் 2007இல் ஒன்றாயின. அந்த நிறுவனத்தின் தோட்டப் பிரிவு 2024இல் எஸ்.டி. கத்ரி என்று பெயர் மாறியது. தோட்டத்தின் பழைய கம்பெனிப் பெயரைக் கண்டுபிடித்து இப்படி ஒவ்வொரு கைமாற்றமாகத் தொடர்ந்து வர வேண்டும்.

சுங்கை சிப்புட்டுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. 1948 ஜூன் 16இல் எல்பில் தோட்டத்திலும் அடுத்திருந்த இன்னொரு தோட்டத்திலும் மூன்று துரைமார்கள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் அவசரகாலம் பிரகடனமானது. பிறகு வந்த ஆண்டுகளில் காட்டோர லயங்களை ஒன்றுசேர்த்துக் கம்பிவேலிக்குள் கொண்டு வந்தார்கள். எனவே 1950இல் இருந்த முகவரியைப் பார்த்து 1940இலும் அங்கேதான் இருந்தார்கள் என்று முடிவு கட்டாதீர்கள்.

காப்பகமும் பழைய பத்திரிகையும்

கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் தொழிலாளர் இலாகா, மாநிலச் செயலகம், மாவட்ட அலுவலகம் ஆகியவற்றின் பழைய கோப்புகள் இருக்கின்றன. இணையப் பட்டியலில் தோட்டத்தின் ஆங்கிலப் பெயரைப் போட்டுத் தேடி, கோப்பு எண்களை எழுதிக்கொண்டு, பிறகு நேரில் போங்கள். அங்கே உங்கள் பூட்டனின் பெயர் இருக்கும் என்று போனால் ஏமாற்றம்தான். தோட்டத்தில் காய்ச்சல் பரவியது, கூலிப் பிரச்சினை, புது லயம் கட்டியது போன்ற கோப்புகளே அதிகம். அவை அவர் வாழ்ந்த சூழலைக் காட்டும். பிஜிக்கும் நெட்டாலுக்கும் போனவர்களுக்கு ஆளுக்கொரு பதிவாக, ஊர்ப் பெயரோடு கப்பல் பட்டியல்கள் இருப்பதைக் கேள்விப்பட்டு நமக்கும் அப்படி இருக்கும் என்று நினைப்பது இயல்பு. கங்காணி முறையில் மலாயா வந்தவர்களுக்கு அப்படித் தேடத்தக்க ஒரே தொகுப்பு கிடையாது. இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் மாதக்கணக்கான அலைச்சல் மிச்சம்.

சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பை வீட்டிலிருந்தே இலவசமாகத் தேடலாம். தோட்டத்தின் பெயரை ஆங்கிலத்தில் போட்டால் விபத்து, வேலைநிறுத்தம், கோயில் திருவிழா, தோட்டம் விற்பனை எல்லாம் வரும். தோட்டம் எந்த ஆண்டு கைமாறியது என்பதை அறிய இதைவிட விரைவான வழி இல்லை.

1942 முதல் 1945 வரை

ஜப்பான்காரன் காலத்துப் பத்திரம் ஒன்றில் ஆண்டு 2603 என்று இருந்தால் அது எழுத்துப் பிழையல்ல. ஜப்பானியப் பேரரசு ஆண்டுக் கணக்கு அது; 660ஐக் கழித்தால் 1943. அந்த ஆண்டுகளில் பலருடைய தடம் அறுந்துவிடும். ஜப்பானியர் போட்ட சயாம், பர்மா ரயில் பாதைக்கு வேலையாட்களாகக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களுக்குப் போர்க் கைதிகளுக்கு இருப்பதைப் போலப் பெயர் வரிசையில் கல்லறைகள் இல்லை. அப்படிப் போய்த் திரும்பாதவருக்கு மரணப் பத்திரம் தேடிப் பயனில்லை. 1941க்கு முன் பிறந்த பிள்ளையின் பத்திரத்தில் அவர் பெயர் இருக்கும். 1946க்குப் பிறகு மனைவியின் தாள்களில் விதவை என்று இருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவே, வீட்டார் சொன்னதை யார் சொன்னார், எப்போது சொன்னார் என்ற குறிப்போடு எழுதி வையுங்கள். அதுவும் ஆவணம்தான்.

கடலுக்கு அப்பால்

ஊர்ப் பெயர் கிடைத்ததும் தமிழ்நாட்டு வரைபடத்தைத் திறந்து உட்காராதீர்கள். பத்திரத்தில் உள்ள மாவட்டம் இன்றைய மாவட்டம் அல்ல. ‘வட ஆற்காடு’ 1989இலும் ‘தென் ஆற்காடு’ 1993இலும் பிரிந்தன. பழைய சேலத்திலிருந்து தருமபுரி 1965இலும் நாமக்கல் 1997இலும் பிரிந்தன. திருச்சியும் தஞ்சையும் பல துண்டுகளாயின. தாலுகாவின் பெயர் தெரிந்தால்தான் ஒரே பெயருள்ள பல ஊர்களில் நம் ஊரைப் பிரிக்க முடியும். அது தெரியாவிட்டால் குலதெய்வக் கோயிலையும் பெண் எடுத்த ஊரையும் வைத்து வட்டம் போட்டுப் பாருங்கள். மூன்றும் நடந்து போகும் தூரத்தில் இருக்கும் இடமே பெரும்பாலும் சரியான ஊர்.

பட்டா, சிட்டா, ‘அ’ பதிவேடு என்று நிலப் பதிவுகளைச் சொல்வார்கள். தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் பட்டா எண் அல்லது புல எண் கொண்டு சிட்டாவைப் பார்க்கலாம். பழையவற்றுக்குக் கிராம நிர்வாக அலுவலர், தாலுகா அலுவலகம், சென்னை எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகம் என்று போக வேண்டும். ஆனால் கப்பலேறியவர்களில் பலருக்குக் காணி நிலம்கூட இருந்ததில்லை. நிலம் இருந்திருந்தால் கப்பலேறியிருக்கவே மாட்டார்கள். அவர்கள் பெயர் பட்டாவில் இல்லை என்பதால் அந்த ஊர் இல்லை என்று ஆகிவிடாது. அதற்குப் பதில் இன்றைய வாக்காளர் பட்டியலைப் பாருங்கள். வாக்குச்சாவடி வாரியாக, தெரு வாரியாக, தகப்பன் பெயரோடு இணையத்தில் கிடைக்கிறது. உங்கள் குடும்பத்தில் மாறி மாறி வரும் அந்த இரண்டு பெயர்கள் எந்தத் தெருவில் இருக்கின்றன என்று பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

போகும்போது மூலப் பத்திரங்களை எடுத்துப் போகாதீர்கள், நகல் போதும். பெரிதாக்கிய பழைய புகைப்படம் ஒன்று அவசியம். ஊரில் இறங்கியதும் ஜாதியையோ நிலத்தையோ பற்றிப் பேச்சை எடுத்தால் சொத்துக் கேட்டு வந்திருக்கிறார்கள் என்று வாய் மூடிக்கொள்வார்கள். நேராகக் குலதெய்வக் கோயில் பூசாரியிடம் போங்கள். மலாயா போய்வந்த குடும்பங்களுக்கு ஊர்ப்பக்கம் அந்தப் பெயரே தங்கிவிடுவதுண்டு. ஆகவே முதலில் கேட்க வேண்டியது உங்கள் பூட்டனின் பெயரை அல்ல. ‘மலாயாக்காரர் வீடு எது?’ என்று கேளுங்கள்.